நகப்பூச்சு வைத்த இன்ஜின்

போன வாரம் என் மகள் கூடத்தில் உட்கார்ந்து நகப்பூச்சு வைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. நெயில் பாலிஷ் வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடோ கல்லூரி விடுதியோ ஞாபகம் வரலாம். எனக்குக் கார் இன்ஜின் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், விஷயம் அப்படி.

அப்போது நான் ஜவ்வாது மலை மேல் கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். போளூரில் வாடகை வீடு. தினமும் அத்திமூர் தாண்டி மலை ஏற வேண்டும். பேருந்தை நம்பினால் பிரசவ வலியில் இருக்கும் மாடு கன்று போட்ட பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கியிருந்தேன். மூன்று சிலிண்டர் வண்டி. எனக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டிச் சலித்தது. சமதரையில் சமர்த்தாக ஓடும். மலை ஏறும்போது பின்னால் நீலப்புகையைக் கக்கும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு வந்துவிடும். புளி மூட்டை ஏற்றிய டிராக்டர்கள்கூட ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போகும்.

சந்தவாசல் சாலையில் ஏழுமலை என்று ஒரு மெக்கானிக் இருந்தார். நாலு இரும்புக் கம்பம், மேலே தகரம், அவ்வளவுதான் ஷெட். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். இன்ஜினை ஓட விட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சிலிண்டர் உள்போர் தேஞ்சி போச்சிங்க. பிஸ்டன், ரிங்கு மாத்தி, சிலிண்டர லேத்துல குடுத்துக் கடைஞ்சி ஏத்தணும். பத்து நாள் ஆவும்."

"வேற இன்ஜின் வெச்சிட்டா?"

"வெக்கலாம். ஆனா அது யாரு ஓட்டின இன்ஜினோ, எப்பிடி ஓட்டினாங்களோ. உங்குளுது இன்னான்னு நமக்குத் தெரியும்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் புத்தி எனக்கு அப்பா வழியில் வந்தது. அவர் செங்கத்தில் மல்லாட்டை வியாபாரம் செய்தவர். மூட்டையின் வாயில் தெரியும் கடலையை அவர் பார்க்கவே மாட்டார். நேராக முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். அடியில் ஈரம் இருக்கும், மண் இருக்கும். சில சமயம் நல்ல கடலையே இருக்கும். அப்படி இருந்துவிட்டால் அவருக்கு முகம் வாடிவிடும். இன்னும் அடியில் கை போகவில்லையே என்று யோசிப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் காரைச் சுற்றி வந்து, அது வாடகைக் காரா என்று நம்பர் பலகையைப் பார்த்தவர் அவர்.

என்னோடு வேலை செய்த உதவியாளர் முருகேசன் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் உலகத்தில் நடக்கிற எல்லாத் திருட்டும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

"ஏழுமல ஷெட்டுக்குப் போன வண்டில நல்ல பார்ட்சு இருந்தா திரும்பி வராதுன்னு பேசிக்கறாங்க மேடம். நம்ம சாமான வேற வண்டிக்கு மாட்டிட்டு, தேஞ்சத நமக்குப் போட்டுருவானாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முதல் நாள் சாயங்காலம், கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்தேன். கார்புரேட்டரில் ஒரு பொட்டு. டைனமோவில் ஒரு பொட்டு. சிலிண்டர் ஹெட்டின் ஓரத்தில் இரண்டு. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஆயுத பூஜையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மாசம் அப்போது வைகாசி.

மூன்றாம் நாள் ஷெட்டுக்குப் போனேன். ஹெட்டைக் கழற்றித் தார்ப்பாய் மேல் வைத்திருந்தார் ஏழுமலை. பளபளவென்று இருந்தது. பொட்டைக் காணோம். கார்புரேட்டரைப் பார்த்தேன். அதிலும் இல்லை. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவார், அது நம்பும்படியாகவும் இருந்துவிடும் என்ற பயம்.

"வேலை வேணாங்க. இருக்கறத இருக்கற மாதிரி சேர்த்துக் குடுத்துடுங்க," என்றேன்.

அவர் காரணம் கேட்கவில்லை. அன்று பிற்பகல் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "வேற எங்கனா இன்ஜின் மாத்தினீங்கன்னா, பழச வுட்டுட்டு வராதீங்க. கேட்டு வாங்கியாந்துடுங்க."

வேறு கடைக்குப் போகிறேன் என்ற பொறாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன்.

போளூருக்கு வெளியே பெரிய சாலையில் அப்போது புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு, உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் பாட்டில். அங்கிருந்தவர் இஸ்திரி போட்ட சட்டையில் கை அழுக்குப் படாமல் பேசினார். என் சின்ன இன்ஜினை ரிப்பேர் செய்வது வீண் என்றார். அதே வண்டியில் சரியாகப் பொருந்தும் பெரிய இன்ஜின் ஒன்று இருக்கிறதாம். மலைக்கென்றே செய்தது மாதிரி இழுக்குமாம். இரண்டே நாள் வேலை. காட்டவும் காட்டினார். வெள்ளி நிறத்தில் மின்னியது. ஈரக் கடலைக்காக முழங்கை வரை கைவிடும் மனிதரின் மகள் நான். அந்த மினுமினுப்பை மேலே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய இன்ஜினை மட்டும் கேட்டு வாங்கி, முருகேசன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாக்குப் போட்டு வைத்தேன். ஏழுமலை சொன்னதற்காக அல்ல. அவர்கள் அதை எடுத்துக்கொள்ளத் துடித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் வண்டி பறந்தது. பறந்ததாக நான் நம்பினேன். மூன்றாவது கொண்டை ஊசியில் இரண்டாவது கியரிலேயே ஏறிவிட்டதாக முருகேசனிடம் பெருமை அடித்தேன். அவரும், "பெரிய இன்ஜின்னா பெரிய இன்ஜின்தான் மேடம்," என்றார்.

அதன் பிறகு ஒரு காலை. ஏழு மணி இருக்கும். மலை மேல் ஒரு சிற்றூரிலிருந்து போன் வந்தது. சிக்னல் கிடைக்கிற பாறை வரை யாரோ ஓடி வந்து பேசியிருக்கிறார்கள். சின்னப்பொண்ணு வீட்டு மாடு விடியலிலிருந்து முக்குகிறது, கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிகிறது. சின்னப்பொண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். புருஷன் இல்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்த ஒரு மாட்டுப் பால்தான். தலையீற்றிலிருந்து அந்த மாட்டுக்கு ஊசி போட்டவள் நான். மற்றவர்கள் அருகில் போனால் கொம்பை ஆட்டும். என்னை மட்டும் நக்கும்.

"கால புடிச்சி இஸ்துடாதீங்க, நான் வந்துர்றேன். ஒரு மணி நேரத்துல வர்றேன்," என்று சொன்னேன். அந்த வார்த்தைகள் அப்படியே ஞாபகம் இருக்கின்றன.

அத்திமூர் தாண்டி ஐந்தாவது வளைவில் சூட்டு முள் மேலே போனது. நிறுத்தி ஆற விடலாம் என்று நினைத்தேன். அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்றும் நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன்பே பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே இரும்பு இரும்பைக் கடிக்கிற ஒரு சத்தம். அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் ஒரு அசைவும் இல்லை. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

முருகேசன் சாலை நடுவில் நின்று கை காட்டினார். கீழே இறங்குகிற வண்டிகள்தான் வந்தன. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பேருந்து வந்தது. அதில் ஏறி, இறங்கி, சாமைக் கொல்லைகளின் ஊடே மறுபடி நடந்து போய்ச் சேரும்போது பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது.

மாடு பக்கவாட்டில் கிடந்தது. கை விட்டுப் பார்த்தேன். கன்றின் தலை பின்பக்கம் மடங்கியிருந்தது. உயிர் இல்லை. ஒரு மணி நேரம் போராடி வெளியே எடுத்தோம். அதற்குள் மாட்டின் காது சில்லிட்டுவிட்டது. குளுக்கோஸ் பாட்டில் பாதி இறங்கும்போது அதுவும் மூச்சை விட்டது. அதன் தலை சின்னப்பொண்ணின் மடியில் இருந்தது.

மலையில் எல்லாரையும் ஒருமையில்தான் பேசுவார்கள். கலெக்டரே வந்தாலும் அப்படித்தான். அதில் மரியாதைக் குறைவு இல்லை. வெகு நேரம் கழித்துத் தலை நிமிர்ந்த சின்னப்பொண்ணு கேட்டாள்.

"இன்னாம்மா, வண்டி நின்னு பூட்ச்சா?"

"ஆமா. நடு மலையில நின்னு போச்சு."

"வண்டி நின்னா நீ இன்னா பண்ணுவ. கைய கழுவிக்கினு வா. களி கீது, துன்னுட்டுப் போ."

நான் சாப்பிட்டேன். அவளுடைய சின்னப் பெண் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

வண்டியைக் கீழே இறக்க யாரைக் கூப்பிடுவது? கண்ணாடிக் கதவுக்காரர் போனில், "சின்ன காரை மலையில யாரு ஓட்டச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் ஏழுமலையிடம் போய் நின்றேன். அவர் ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்து கயிறு கட்டி இறக்கினார். மறுநாள் இன்ஜினைத் திறந்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இது பெரிய இன்ஜின் இல்லீங்க. உங்குளுது அளவுதான். மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க."

நம்பர் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிக் காட்டினார். அங்கே இரும்பைத் தேய்த்து மழுக்கியிருந்தார்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியதோ, அந்த வண்டி யாருடையதோ. மூன்று வாரம் இரண்டாவது கியரில் பறந்தேன் என்றேனே, அது முழுக்க என் மனசின் பலம்.

"பழசு கீதுங்களா?" என்றார்.

இருக்கிறது என்றேன். சாக்கோடு கொண்டுவந்து இறக்கினோம். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் தூக்கம் போகும்.

"அன்னிக்கு நான் இதுல சில இடத்துல அடையாளம் வெச்சிருந்தேன்."

"செவப்பா பொட்டு. பாத்தேன்." அவர் குனிந்து நட்டைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஆயில் பிசுக்கு மேல வெச்சா நிக்குங்களா? பெட்ரோல்ல ஊற வெச்சி கம்பி பிரஷ்ல தேச்சேன், பூட்ச்சி. நீங்க வந்து தேடினதையும் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. கேக்காதவங்ககிட்ட போயி நான் திருடன் இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

பத்து நாள் என்று சொன்னவர் ஒன்பதாவது நாள் வண்டியைக் கொடுத்தார். பழைய இன்ஜின், கடைந்த சிலிண்டர், புது பிஸ்டன். அந்தக் காலையில் இந்த இன்ஜின் இருந்திருந்தால் எட்டு மணிக்கு நான் சின்னப்பொண்ணு வீட்டில் இருந்திருப்பேன். மடங்கிய கழுத்தை நேராக்கி எடுக்க எனக்குத் தெரியும். பல முறை எடுத்திருக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நினைத்தால் நீங்கள் என்னை அறியாதவர். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து பானட்டுக்குள் தலையை விட்டு, இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். முதுகைத் திருப்பாமலே அவர் கேட்டார், "டார்ச்சு வேணுங்களா?"

நம்பர் சரியாக இருந்தது. அந்த வண்டி மேலும் ஆறு வருடம் என்னை மலைக்கு ஏற்றி இறக்கியது.

பிறகு மாற்றல் வந்தது. வண்டியை விற்றேன். ஏழுமலையின் ஷெட் இருந்த இடத்தில் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். அவர் எங்கே போனார் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். இப்போது நான் வைத்திருக்கும் காரைச் சர்வீஸுக்கு விட்டால், கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு பாகத்தையும் வீடியோ எடுத்துப் போனுக்கு அனுப்புகிறார்கள். அது என் வண்டியின் பாகம்தானா என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். கேட்பதற்கு அங்கே ஒரு முகம் இல்லை.

போன தை மாதம் வேறு வேலையாக மலைக்குப் போனபோது சின்னப்பொண்ணு ஊர் வரை நடந்தேன். அவளிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று, அவள் வீட்டுப் பக்கமே போகத் துணியாமல் பல வருடமாக வைத்திருந்தேன். வண்டி தானாக நிற்கவில்லை, நல்ல வேலைக்காரனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் நான்தான் நிற்க வைத்தேன் என்று. வீடு பூட்டியிருந்தது. மாடு கட்டிய இடத்தில் எருக்கு முளைத்திருந்தது. அந்த வரிசையில் நாலைந்து வீடுகள் அப்படித்தான் பூட்டிக் கிடந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "அவ கர்நாடகா காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் பூட்டா. மாடு செத்ததுக்கப்பறம் கொஞ்ச நாள் இங்க கூலிக்குப் போய்ப் பாத்தா. கட்டுப்படியாவல. பொண்ணுங்களயும் இட்டுக்கினு போய்ட்டா."

"படிச்சிக்கிட்டிருந்தாங்களே?"

"அது அப்பவே நின்னு பூட்ச்சி."

எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. போன் நம்பரும் இல்லை. களி போட்டுக் கொடுத்தவள் எங்கேயோ ஒரு காப்பிச் செடி வரிசையில் நிற்கிறாள். டாக்டரம்மா வண்டி பாவம் நடுவழியில் நின்றுவிட்டது என்றுதான் இன்று வரைக்கும் நம்பிக்கொண்டிருப்பாள்.