என் நூலுக்கு அக்கா சொன்ன குறை

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறும் புகழ்ச்சியாக எழுதினால் அக்கா பாதியில் மூடிவைத்துவிடுவார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருகோணமலையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. அப்பா காலமானபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குத் தோள் கொடுத்து என்னைப் படிக்க வைத்தவர் அவரே. யுத்தம் துரத்தக் கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தார். அத்தான் இளவயதிலேயே இறந்துவிட, மகள் நிரோஷியைத் தனியாக வளர்த்தார். என்னையும் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு அழைத்தார். இத்தனைக்கும் நடுவில் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் சாப்பாட்டு இடைவேளையிலும் வாசித்துக்கொண்டே இருந்தார்.

அவர் விரும்பி வாசித்தவை இரண்டு வகை: மர்ம நாவல்களும் கிறிஸ்தவ உருவகக் கதைகளும். ஒன்றில் கொலை, மற்றதில் மோட்சம். இரண்டும் எப்படி ஒத்துப்போகின்றன என்று ஒருமுறை கேட்டேன்.

"அடுத்த பக்கத்தில என்ன வருமோ எண்டு நெஞ்சு பதைக்க வேணும் தம்பி. பதைக்காட்டி ரெண்டையும் மூடி வை" என்றார்.

கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து அவன்தான் கொலைகாரன் என்று முடித்தால் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். "வாசிக்கிறவையை மடையராக்கிற வேலை" என்பார். உருவகக் கதையில் பொறுமை என்ற பெயருடைய பெண் முந்நூறு பக்கமும் பொறுமையாகவே இருந்தாலும் விடமாட்டார். "ஒருக்காலாவது அவ சட்டியைப் போட்டு உடைக்க வேணும். அதுக்குப் பிறகு பொறுத்தால்தான் அது பெரிய விசயம்."

நானும் ஓர் உருவக நாவல் எழுதினேன். விசுவாசமும் நம்பிக்கையும் சந்தேகமும் ஒரே படகில் மறுகரைக்குப் போகும் கதை. எங்கள் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்தோம். நம்மவர்களின் வெளியீட்டு விழாவில் விமர்சன உரை என்றால் பாராட்டுரை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நம்பிக்கையில்தான் அக்காவை மேடைக்கு அழைத்தேன். அவரோ உண்மையிலேயே விமர்சனம் செய்தார்.

"தம்பிக்கு நல்ல தமிழ். ஆனா சந்தேகத்தை ரெண்டாம் அத்தியாயத்திலேயே கடலுக்குள்ள தள்ளிப்போட்டான். மிச்சம் இருநூறு பக்கமும் படகில ஒருத்தருக்கும் ஒரு பயமும் இல்லை. பயமே இல்லாட்டி விசுவாசம் எதுக்கு? எனக்கு நித்திரை வந்திட்டுது."

மண்டபமே சிரித்தது. பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த எனக்கு முகம் எரிந்தது. அன்றோடு அக்காவுடன் கதைப்பதை விட்டேன். நத்தார் பண்டிகைக்கு அவர் பலகாரத்தோடு பஸ் மாறி மாறி பியர்பொன்ட்ஸில் இருக்கும் என் வீடு வரை வந்தார். நான் மேலே படுத்திருக்கிறேன் என்று மனைவியைக் கொண்டு பொய் சொல்வித்தேன். அக்கா பலகாரப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனதை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்களில் நிரோஷி தொலைபேசி எடுத்தாள். "மாமா, அம்மாவுக்குக் கான்சர். கன நாள் இல்லையெண்டு டொக்டர் சொல்லிட்டார். வாங்கோ மாமா."

ஓடிப்போனேன். கட்டிலைச் சுற்றிப் பரலோகத்தைப் பற்றிய புத்தகங்கள் குவிந்திருந்தன. நோயாளிக்கு இனி அதுதான் தேவை என்று எண்ணி ஜெபக்கூட்டத்தார் அன்போடு கொண்டுவந்தவை.

"வா தம்பி. எல்லாரும் மோட்சத்தையே கொண்டு வருகினம். நீ எண்டாலும் ஒரு கொலைக்கதை கொண்டு வாவன்" என்றார் அக்கா.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதை விடு. சந்தேகத்தைக் கடலுக்குள்ளால தூக்கினியோ?"

"இல்லை அக்கா."

"அப்ப தூக்கு."

அன்றே நாவலைத் திருத்தி எழுதத் தொடங்கினேன். பின்னேரங்களில் முதலில் மர்ம நாவல், பிறகு என் புதிய பக்கங்கள் என்று அவருக்கு வாசித்தேன். இம்முறை சந்தேகம் படகிலேயே இருந்தது. எல்லோருக்கும் எரிச்சல் வரும்படி கேள்வி கேட்டது. நடுக்கடலில் மற்றவர்கள் கண்மூடி ஜெபிக்கும்போது, படகுக்குள் தண்ணீர் ஏறுவதைக் கண்டது சந்தேகம்தான். அந்த இடத்தில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நிப்பாட்டாதை. வாசி."

அதற்கு மேல் நான் எழுதியிருக்கவில்லை. இரண்டு நாட்களில் அக்கா கர்த்தருக்குள் அமைதியடைந்தார்.

அக்காவை வீட்டுக்கு வந்து பராமரித்த தாதிமாருக்கும், போதகருக்கும், புத்தகங்களோடு வந்த ஜெபக்கூட்டத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவோடு வேலை செய்து, மொன்றியல்-நோரிலிருந்து கிழமை தவறாமல் சூப் கொண்டுவந்த ஹெயிட்டியச் சகோதரிக்கு, அவர் பேசும் பிரெஞ்சிலேயே நன்றி: மெர்சி. தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த நிரோஷி, உனக்கு உன் மாமாவின் நன்றி.

அக்காவுக்கும் நன்றி சொல்லவேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் என்னிடம் உண்மை பேச அவருக்கு என்னில் எவ்வளவு அன்பு இருந்திருக்கவேண்டும் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. படகு கரை சேரும் அத்தியாயத்தைச் சென்ற கிழமை எழுதி முடித்தேன். வாசித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என் மனம் அக்காவைத் தேடுகிறது.