வரதன் வேலிக்குள் தேசம்மாவின் பன்றிகள்

ஆவடிப் பக்கம் எனக்குப் ‘பன்னி டாக்டரம்மா’ என்று பெயர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நான் பார்த்த வைத்தியமெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது! அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த இரண்டு பேரை நான் மறக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. அண்ணனூர் ரயில் பாதையோரம் பன்றி வளர்த்த தேசம்மா ஒரு காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மூன்று பன்றிகள் செத்துவிட்டன.

“பக்கத்துத் தோட்டத்து வரதன் மருந்து வெச்சுட்டான் டாக்டரம்மா. அவன் கத்திரிச் செடில என் பன்னி பூந்துச்சுனு கத்திகினு இருந்தான். வெசம்னு எய்திக் குடு, ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“வெட்டிப் பார்க்காம எழுத மாட்டேன்” என்றேன்.

அவளுடைய கொட்டகைக்குப் போனபோது வரதனும் அங்கே நின்றிருந்தார். “தொரத்துனது நெசம், கல்லு உட்டதும் நெசம். மருந்து வெக்கல மேடம்.”

உயிரோடிருந்தவற்றில் சில, வெயிலிலும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. காதெல்லாம் ஊதா. எழுப்பினால் பின்னங்கால் தள்ளாடியது. செத்ததை அறுத்தேன். கிட்னி முழுக்கச் சிவப்புப் புள்ளி. குடலில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டப் புண்கள். நாங்கள் ‘பட்டன் அல்சர்’ என்போம்.

“விஷமில்லை. பன்றிகளுக்குள்ளேயே பரவும் பன்றிக் காய்ச்சல்” என்று இருவருக்கும் கேட்கச் சொன்னேன். வரதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மண்ணீரல் துண்டை ஐஸில் வைத்து லேபுக்கு அனுப்பினேன். ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் எதுவும் மிஞ்சாது. காய்ச்சல் இல்லாதவற்றுக்குத் தடுப்பூசி போட்டேன். அது வேலை செய்யச் சில நாளாகும். அதுவரை நோயுள்ளவற்றோடு அவை சேரக்கூடாது. தேசம்மாவுக்கு இருந்ததோ ஒரே கொட்டகை.

“கறிக்கடைக்காரன் கேட்டுகினு கீறான். தள்ளிவுட்டுடவா?”

“கூடாது. கறியோட நோயும் ஊர் சுத்தும்.”

“அப்ப நான் எங்க கொண்டுபோய் வெப்பேன்? இதான் எங்க சோறு” என்று அழுதாள்.

வரதன் கோழிப்பண்ணைக்காகக் கம்பி வலை அடித்து, அப்புறம் கோழியே வாங்காமல் போட்டிருந்த இடம் ஒன்று கண்ணில் பட்டது. நோயில்லாதவற்றை அங்கே விடலாமா என்று கூச்சத்தை விட்டு அவரிடம் கேட்டேன்.

“என்மேல பழி போட்டவ பன்னிக்கு என் எடமா?” என்று முறைத்தார். நியாயம்தானே? கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்தார். “எல்லாம் செத்துச்சுன்னா மறுபடியும் என்னத்தான் சொல்லுவா. உள்ள உடச் சொல்லுங்க.”

செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தோம். தேசம்மா தீனியாகப் போடும் கேன்டீன் சாப்பாட்டு மிச்சத்தில் நோய் இருக்கலாம், இனிக் கொதிக்க வைக்காமல் கொடுக்கவே கூடாது என்றேன். கொட்டகையில் இருந்தவை ஒன்றுகூடத் தேறவில்லை. வேலிக்குள் போனவை அத்தனையும் பிழைத்தன.

இப்போது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்திருக்கிறது. எங்களுக்கு ஊசியாவது இருந்தது. இளம் டாக்டர்களே, உங்களுக்கு வேலிதான் கதி. அக்கம்பக்கத்தாரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அன்று வரதன் முடியாது என்றிருந்தால் என் படிப்பு எதற்கும் உதவியிருக்காது. அவருக்கு இன்றும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

அந்த முறை நோய் ஓய்ந்ததும், வேலிக்குள்ளிருந்து பன்றிகளை ஓட்டிப்போக வந்த தேசம்மா வரதனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: “அந்த மன்சன் கைல சொல்லு டாக்டரம்மா, நான் பேசுனது தப்புன்னு.”

கைக்கெட்டும் தூரத்தில் நின்ற வரதனும் என்னைப் பார்த்தே சொன்னார்: “காதுல உழுந்துச்சுன்னு சொல்லுங்க.”