மதலைமுத்துவின் சம்மட்டி அரபி

மெட்டில்டாவுக்கு எதைக் கண்டாலும் குமட்டாது. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு நர்சிங் ஹோமில் சீழும் வாந்தியும் துடைத்துவிட்டு, கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு நேராக இட்லிக்கு உட்காருகிறவள். அவளையே குமட்ட வைத்த பெருமை அரபி வாத்தியார் மதலைமுத்துவைத்தான் சேரும்.

அவர் குவைத்தில் கொல்லுப்பட்டறையில் கிடந்து, அங்கே யுத்தம் வந்ததும் உடுத்த துணியோடு ஊருக்கு ஓடி வந்தவர். வந்த கையோடு ஆட்டுக்கறிக் கடை மாடியில் 'வளைகுடா நர்சுகளுக்கு அரபி' என்று போர்டு மாட்டினார். அப்போது ஊரில் பாதி நர்சுகள் சவுதிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மெட்டில்டாவுக்கும் அதே ஆசை. இத்தனை வருஷம் உழைத்தும் இங்கே 'டெம்பரரி' என்ற வால் அறுபடவில்லை. பெங்களூரில் இன்டர்வியூ, அரபி நாலு வார்த்தை தெரிந்தால் நல்லது என்றிருந்தார்கள்; அவளும் மாடியேறிச் சேர்ந்துவிட்டாள்.

மதலைமுத்துவுக்குத் தெரிந்ததோ பட்டறை அரபி. அதிலும் சூடான்காரன் மேஸ்திரி சொல்லிக்கொடுத்த ஒரு வேர்ச்சொல்லை விட்டு அவர் இறங்கவே மாட்டார்.

"தரக்கன்னா அடிச்சான். அடிக்கிற சம்மட்டி மித்ரக்கா. ஜனங்க கால் அடிச்சு அடிச்சு உண்டான பாதை தரீக். ராத்திரி வந்து கதவைத் தட்டுறவன் தாரிக். வேலை செய்யிற முறை தரீக்கா. பாத்தியா தங்கச்சி, ஒரே அடியில எத்தனை பொறி பறக்குது."

"சார், எங்க வலிக்குதுங்கறதுக்கு அரபியில என்ன?"

"ஸும்னே சும்மா அவசரப்படாத. மொதல்ல சம்மட்டியப் புடி. அந்த 'க்க' அடித்தொண்டையில இருந்து வரணும்."

அவருடைய அடித்தொண்டையில் வெற்றிலைச் சாறு, புகையிலை, முந்தின நாள் சளி எல்லாம் குடியிருந்தன. அவர் ஒரு 'க்க' போட்டால் கீழே கட்டியிருந்த ஆடுகள் கத்தியை மறந்து அண்ணாந்து பார்க்கும். முன்வரிசைப் பெண்களின் வெள்ளை யூனிபாரத்தில் செம்புள்ளி விழும். மீதியை டால்டா டப்பாவில் துப்புவார். டப்பா நிரம்பினால் முறை வைத்துப் பெண்கள்தான் கொட்ட வேண்டும். மெட்டில்டா கொட்டினாள். வேலை வேண்டுமே.

இன்டர்வியூவில் ஓர் அரபி டாக்டரம்மா. ராத்திரியில் நோயாளி கூப்பிட்டால் என்ன கேட்பாய், அரபியில் சொல் என்றார். மெட்டில்டா வாயைத் திறந்தாள். மாடியில் ஊறியதுதான் வந்தது: சம்மட்டியை எடு, இரும்பை அடைகல்லில் வை, துருத்தியை ஊது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு, மறுபடி சொல்லச் சொன்னார். மூன்று பேரும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே டாக்டரம்மா தன் கையை நீட்டி, ரத்தம் எடு என்றார். வலி தெரியாமல் எடுத்தாள். வேலை கிடைத்துவிட்டது.

கிடைத்தும் சந்தோஷம் இல்லை. தன் 'க்க' சுத்தமாக வந்ததையும், அதிலிருந்து ஒரு துளி டாக்டரம்மாவின் காகிதத்தில் விழுந்ததையும் அவள் பார்த்திருந்தாள். பஸ் மைசூர் வந்து சேரும் வரை கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் போனால் மாடிப்படியில் புது பேனர். 'எம்மிடம் பயின்ற மெட்டில்டா தேர்வு.' மதலைமுத்து ஒரு சம்மட்டியோடு காத்திருந்தார்.

"வா தங்கச்சி. இதத் தோள்ல வெச்சுக்கிட்டு ஒரு போட்டோ. அப்படியே இந்தப் பிள்ளைகளுக்கு மித்ரக்கா சொல்லிக் காட்டு."

முன்வரிசையில் அவளோடு வேலை பார்க்கும் ரூபா இருந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு இன்டர்வியூ. கன்னத்தில் சிவப்பாக ஒரு துளி, மடியில் டப்பா.

"சார், உங்க அரபி எனக்கு வேலை வாங்கித் தரல. என்னைக் கோமாளியாக்குச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுலயே நிக்குது."

"வேலை கெடச்சுதில்ல? அப்புறம் என்ன?"

"ஊசி குத்தத் தெரிஞ்சதால கெடச்சுது."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார், வந்தது எச்சில். மெட்டில்டா ரூபாவின் மடியிலிருந்த டப்பாவை எடுத்து அவர் நீட்டிய கையில் வைத்தாள்.

"எந்திரி ரூபா."

"அக்கா, அப்ப நான் இன்டர்வியூல என்ன பேச?"

"அரபி தெரியாதுன்னு இங்கிலீஷ்ல சொல்லு. முகத்தக் கழுவிட்டுப் போய்ச் சொல்லு."

இரண்டு பேரும் கறிக்கடை வாசலைத் தாண்டும்போது, மாடியிலிருந்து மிச்சமிருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து 'க்க' என்றார்கள்.