ஜன்னல் பக்கம் திரும்பிய வசனம்

லியோன் நகரத்தில் எவாரிஸ்த் கூர்தெலின் முகம் எல்லோருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. இருபத்திரண்டு படங்களில் போலீஸ்காரராகவோ ஓட்டல் பணியாளராகவோ வந்து, கால் மணி நேரத்தில் காணாமல் போனவர். ஐம்பத்தெட்டாவது வயதில்தான் மேடையில் முதன்முதலாகப் பெரிய வேடம் கிடைத்தது. ஒரு நீதிபதி.

காதும் அப்போது பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தது. இடது காது போரில், பீரங்கிச் சத்தத்தில் போனது. இப்போது வலதும் மங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை. எதிரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்தே சமாளித்தார்.

அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது இயக்குநர் ஃபிர்மென் ஒத்திகையை நிறுத்தினார். நாயகியாக நடித்த மத்தூரினிடம், "நீதிபதிகிட்ட பேசுற அந்த வசனத்த ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லுங்கம்மா. முகம் தெரிய வேணாம்" என்றார்.

முகம் திரும்பினால் எவாரிஸ்துக்கு உதடு தெரியாது. உண்மையைச் சொன்னால் வேடம் போய்விடும். மூன்று நாள் ஒத்திகையிலும் அவளைப் பின்னாலிருந்து கவனித்தார். அவள் பேசும்போது தோள் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணினார். ஐந்து. ஆறாவதில் பதில் சொல்ல வேண்டும்.

அரங்கேற்ற நாளில், திரை விலகுமுன் கோலால் தட்டும் மூன்று தட்டலும் அவருக்குப் பாதத்தில்தான் தெரிந்தன. அந்தக் காட்சி வந்தது. ஐந்து முறை எண்ணியவர், ஆறாவதுக்குக் காத்திராமல் பேசிவிட்டார்.

மத்தூரின் சட்டென்று திரும்பினாள். உதடு தெரிந்தது. "நான் இன்னும் முடிக்கல, நீதிபதி ஐயா!"

அது நாடகத்தில் இல்லாத வசனம். அரங்கம் சிரித்துக் கைதட்டியது. அவர் அங்கிக்குள் வியர்த்து நின்றார்.

ஒப்பனை அறையில் அவள் நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

"எத்தன நாளாய்யா காது கேக்கல?"

"ஒரு வருஷமா. ஃபிர்மென்கிட்ட சொல்லிடாத, மத்தூரின்."

"இருபது வருஷமா கூட நடிக்கிறேன், எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? மடையா! நாளைலேர்ந்து பேசி முடிச்சதும் ஜன்னல் திரைச்சீலைய இழுக்கிறேன். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

மறுநாள் ஃபிர்மென் வாயெல்லாம் பல்லாக வந்தார். "நேத்து குறுக்க பேசுனீங்களே, பிரமாதம்! தினமும் அப்படியே செய்யுங்க."

கேட்டுப் பேசவே முடியாதவர் இனித் தினமும் அவள் பேச்சைப் பாதியில் வெட்ட வேண்டும். அன்றிலிருந்து அந்த வசனத்தின் நடுவிலேயே மத்தூரினின் கை திரைச்சீலைக்குப் போனது. எழுபத்தாறு மேடையேற்றங்கள் தப்பாமல் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்பு அவர் வாந்தி எடுத்தார்.

கடைசி மேடையேற்றம் முடிந்ததும் தானே போய் ஃபிர்மெனிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு மேடை ஏறவில்லை. படங்களில் மட்டும், பேசாத போலீஸ்காரராக, இன்னும் ஒன்பது ஆண்டு நடித்தார்.