வாய் நிறையக் குண்டூசியோடு ஒரு கணவர்

மெர்டேக்கா சுதந்திர தின விழாவில் எனக்கு இரண்டு நிமிடத் தனிநடிப்பு. கதை நடப்பது 1957இல். இந்தியாவுக்குத் திரும்பக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்ட கணவனிடம், "நான் வரமாட்டேன்" என்று ஒரு மனைவி சொல்ல வேண்டும். மூன்று வாரமாகக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தும், இயக்குநர் "ஒப்பிக்கிறீங்க" என்றே சொல்கிறார்.

இன்று காஜா பேராங் பகுதியில் தையல்கார அக்காவிடம் நாடக ரவிக்கையைப் போட்டுப் பார்க்கப் போனேன். அவர் வாய் நிறையக் குண்டூசியோடு கைப்பக்கத்தைப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார். நான் வசனத்தை ஆரம்பித்தேன்.

"டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துடுங்க."

அக்கா இல்லை என்று தலையாட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. "பிள்ள இங்கதானே பொறந்தான்?"

மறுபடியும் அதே தலையாட்டல். கெஞ்சினேன், அதட்டினேன். கடைசி வரியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. மறுக்க எதிரே ஓர் ஆள் இருந்தால்தான் பேச்சுக்கு உயிர் வருகிறது. கண்ணாடி எதையும் மறுப்பதில்லை.

அக்கா ஊசிகளை எடுத்தார். "கைய ஆட்டாதேன்னு எத்தன வாட்டிம்மா தலையாட்டுறது?"

அசடு வழிந்தேன். அவர் அடுத்த கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அது சரி, அந்த ஆளு கப்பல் ஏறிட்டானா இல்லையா?"

சனிக்கிழமை முன்வரிசைக்கு வருகிறவர்கள் கைதட்ட வேண்டாம். இல்லை என்று தலையாட்டினால் போதும். யார் யார் வருகிறீர்கள்?