எண்பதாவது சஹன்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வானத்தில் இரண்டு விமானப் படைகள் மோதிய பாடத்தை இருபத்தெட்டு வருடங்கள் படிப்பித்தேன். மொத்தம் அறுபத்தொரு வகுப்புகள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் எரிச்சல் வரும். விழுந்தது ஒரு விமானம். சுட்ட இரண்டு விமானிகளும் தன்னுடையது என்பார்கள். கீழிருந்து பீரங்கி அடித்தவனும் தன்னுடையது என்பான். மாலைக் கணக்கில் மூன்று. இரண்டு பக்கமும் இப்படித்தான் எண்ணியது.

சென்ற வருடம் என் மகளின் மகளுக்குக் கல்யாணம். என் இரண்டு மகன்மாரும் ஆளுக்கொரு விருந்தாளிப் பட்டியல் தந்தபோது அந்த எரிச்சல் திரும்பி வந்தது. மூத்தவனுடையதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், இளையவனுடையதில் இருநூற்று எழுபது. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டான சஹனுக்குக் கணக்கிட்டால் தொண்ணூற்றேழு சஹன். பார்த்தால், அட்டாளைச்சேனை ஆலைக்காரர் குடும்பம் இரண்டிலும் இருக்கிறது. நிந்தவூர் மாமி வீட்டார் பதினான்கு பேரும் இரண்டிலும். நூற்று அறுபத்தெட்டுப் பெயர்களை வெட்டினேன். அறுபத்தொன்பது சஹன் என்று சமையல்காரரிடம் சொல்லப் புறப்பட்டேன்.

“வாப்பா கல்யாண ஊட்டுக்குள்ளயும் பிளேன் விழுத்துறார்,” என்றான் இளையவன்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் வீட்டில் சோறு குறைந்தால் அந்தக் கதை பேத்தியின் காலம் முழுவதும் ஊரில் ஓடும்.

“அந்தச் சண்டையில தோத்தது ஆரு?” என்று கேட்டாள்.

“ஜெர்மன்காரன்.”

“ஏன் தோத்தான்? ஊட்டுக்குள்ள நடந்து நடந்து பாடமாக்கினீங்களே, எனக்குத் தெரியாதா? சொல்லுங்க.”

“எதிரியிட்ட இனிப் பிளேன் இல்லயெண்டு தன்ட கணக்க நம்பிப் போனான். போனா, வானம் நிறைய வந்து நிண்டிச்சு.” சொல்லி முடிப்பதற்குள் கையிலிருந்த என் பட்டியலைத் திரும்பப் பார்த்தேன்.

“ஓம். அப்ப கலியாணக் காட் குடுக்காமயே வாற இந்தத் தெருச் சனம்? இடுப்புல இருக்கிற புள்ளயள்? அதுகள எண்ணினீங்களா?”

எண்ணவில்லை. பதினொன்று கூட்டி எண்பது என்றேன்.

கல்யாணத்தன்று பகல் மண்டப வாசலில் நின்று செருப்புகளை எண்ணினேன். நானூறு சோடியைத் தாண்டியதும் கணக்குத் தவறியது, மூன்று தடவை. அறுபத்தொன்பதாவது சஹன் உள்ளே போனது. வாசலிலோ சனம் வந்துகொண்டே இருந்தது. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது போனபோது வாசல் வெறுமையாகியிருந்தது. எண்பதாவதில், சாகாமத்திலிருந்து அரிசி ஏற்றி வந்த லொறிக்காரர் மூவர் உட்கார்ந்தார்கள். மகன்மாரும் நானும் அதே சஹனில் கை வைத்தோம்.

“எண்பது எண்டு நான்தானே அண்டைக்கே சொன்ன,” என்றான் மூத்தவன்.

“போங்க காக்கா, சொன்னது நான்,” என்றான் இளையவன் அண்ணனிடம்.

திரைக்கு அப்பால், பெண்கள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது: “ரெண்டு பேரும் வாயப் பொத்திட்டுத் தின்னுங்கடா. அது என்ட எண்பது.”

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். வரலாறு படிப்பித்தவன் இந்த இடத்தில் குறுக்கிட்டுத் திருத்தியிருக்க வேண்டும். நான் பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து எடுத்தேன். சமையல்காரரிடம் போய் எண்பது என்று சொன்னவன் நான்தானே.