மருந்து அண்ணன் வீட்டு அந்து

கொல்லைப்புறத்தில் சட்டையைக் கழற்றி வாளியில் முக்கிவிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார் மருந்து அண்ணன். குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை.

"காது மடல்ல சோப்பு போட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

"போட்டாச்சு தாயே!"

மாவு ஆலைக் கிடங்கில் பூச்சிமருந்து அடிப்பது அவர் வேலை. மூட்டை இடுக்கிலிருந்து, மாவைத் தின்னும் நகத்தளவு அந்துப்பூச்சி ஒன்று பறந்தால் போதும், சாமியாடிவிடுவார். மனைவிக்கோ காட்டுப் பட்டுப்பூச்சிதான் பிழைப்பு. சமையலறையை ஒட்டிய அறையில், பூச்சி வெளிவந்து இடும் முட்டைக்காகக் கூடுகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். கணவர் மேலிருந்து மருந்து வாடை வந்தாலே அத்தனையும் செத்துவிடும் என்று அவருக்குப் பயம்.

அண்ணனுக்கு இதில் தீராத மனத்தாங்கல். "அந்துப் புழுவும் நூல்தான் விடுது, உன் புழுவும் நூல்தான் விடுது. அது விட்டா ஒட்டடை, இது விட்டா பட்டா? என்னம்மா நியாயம்?"

"என்னுது அடுத்தவங்க மூட்டையில வாய் வைக்காது."

"வளர்ந்தப்புறம் வாயே கிடையாதே அதுக்கு! இந்த வீட்டுல வாயில்லாத ஒரே ஜீவன்."

போன வாரம் அவர் மானம் கப்பலேறியது. மனைவி மாவு டப்பாவைத் திறந்தார். மாவு நூலாம்படை பின்னிக் கட்டி கட்டியாகக் கிடந்தது. உள்ளேயிருந்து இரண்டு அந்துகள் கிளம்பின.

"வாங்க, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க."

அண்ணன் மருந்துக் குப்பியை எடுக்க ஓடினார். மனைவி வாசலை மறித்தார். "இன்னிக்குத்தான் கூடு உடைச்சு வெளிய வருதுங்க. ஒரு சொட்டு அடிச்சீங்க, அவ்வளவுதான்."

"சரி சரி. ஆலையில மட்டும் மூச்சு விட்டுடாதே."

கிடங்கையே நடுங்க வைப்பவர், பனியனோடு உட்கார்ந்து டப்பா டப்பாவாகச் சலித்தார். ஒரு அந்து ஒழிந்தது. மற்றதைத் துடைப்பத்தோடு துரத்திக்கொண்டு பட்டு அறைக்குள் நுழைந்தவர், வேர்வை தாங்காமல் மின்விசிறியைப் போட்டுவிட்டுச் சரத்தருகே சுவரில் கை ஊன்றி நின்றார். அப்போதுதான் கூட்டை விட்டு வந்த பட்டுப்பூச்சி ஒன்று, பிடிமானம் தேடி, அவர் கை வழியாகத் தோளுக்கு ஏறியது. அதன் சிறகு ஈரத்துணிபோலச் சுருங்கியிருந்தது.

"அசையாதீங்க! றெக்கை விரியணும்."

"எவ்வளவு நேரம்?"

"விரியற வரைக்கும்."

அந்து அவர் மூக்கை உரசிக்கொண்டு போனது. அவர் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. தோளில் சிறகு மெல்ல மெல்ல உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து, விசிறிக் காற்றில் படபடத்தது. முகமெல்லாம் வேர்த்து வழிய, அண்ணன் மறு கையை மெதுவாக நீட்டி மின்விசிறியை நிறுத்தினார்.